சுவரைத் தாண்டும் சத்தம்

"சத்தம் சுவத்தத் தாண்டணும், பொன்னுரங்கம். அவ்ளோதான்."

ராஜாங்கம் துண்டைப் பிரித்து ஒரு தகர ரயிலை மேசைமேல் வைத்தார். எந்தக் காலத்திலோ அவருடைய அப்பா மெட்ராஸில் வாங்கி வந்த ஜப்பான் பேட்டரி ரயில்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கும் பொன்னுரங்கம் ஸ்விட்சைத் தட்டினான். சக்கரம் ஓடியது. ஊதல் மட்டும் கொசு மாதிரி முனகியது.

"கொழந்தைங்க வெளயாட இது போதாதுங்களா?"

"எங்க வூட்ல ஏது கொழந்த? சுவத்துக்கு அந்தாண்ட தம்பி இருக்கான்ல, அவன் காதுல வுழணும். மூணு வேளையும், அவன் சாப்புடற நேரத்துக்கு."

பொன்னுரங்கம் நிமிர்ந்து பார்த்தான். அந்த அண்ணன் தம்பி சண்டை அவர்கள் ஊரான வடக்கனந்தலில் யாருக்குத்தான் தெரியாது? ஒரு கிணற்றுக்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள். இருந்த ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பினார்கள். பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது தம்பி சுப்புராயன் பக்கவாதம் வந்து, பேச்சும் போய்ப் படுத்திருக்கிறார்.

"அவுரு முடியாம கெடக்கறாருங்களே?"

"அதனாலதான் சொல்றேன்."

படுத்துக் கிடப்பவரை ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்ன விடமாட்டாராம். என்ன மனுஷன் இவர் என்று பொன்னுரங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரிப்பேர் சுலபம்தான். காய்ந்துபோன கண்டன்சரை மாற்றினான். கிழிந்த ஸ்பீக்கரை எடுத்துவிட்டு வேறு போட்டான். ரயில் கூவிய கூவலில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் யோசித்த பொன்னுரங்கம், ஸ்பீக்கர் ஒயரில் ஒரு ரெசிஸ்டரைக் கோத்து விட்டான். ஊதல் மறுபடி கொசுவானது.

சாயங்காலம் ராஜாங்கம் வந்து ரயிலைக் காதருகே வைத்துக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி வராதா?"

"பழைய சாமானுங்க. இவ்ளோதான் வரும்."

"நல்லாப் பாத்தியாப்பா?"

"பாத்துட்டேங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. ரயிலைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். நன்றாக வேண்டும் என்று நினைத்துக்கொண்டான் பொன்னுரங்கம். பெரிய தர்மம் செய்த திருப்தியில் அன்று ராத்திரி அவனுக்கு ரெண்டு தோசை கூடுதலாக இறங்கியது.

மறுநாள் கடை திறந்ததுமே சுப்புராயனின் மனைவி பச்சையம்மாள் வந்து நின்றாள். அவள் பையிலிருந்து அதே ரயில் வெளியே வந்தது.

"கவலப்படாதீங்கம்மா. உங்களுக்குத் தொந்தரவு வேணாம்னு நான்தான் சத்தத்தக் கம்மி பண்ணி வுட்டேன்" என்றான் பெருமையாக.

பச்சையம்மாள் அவனையே பார்த்தாள். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீதானாப்பா அது?"

"இன்னாங்கம்மா?"

"படுத்ததுலேர்ந்து யார் ஊட்டுனாலும் வாயத் தொறக்க மாட்டேங்கறாருப்பா. சின்னப் புள்ளையில இவருக்குச் சோறு ஊட்டறப்ப எங்க மூத்தாரு, இவரு அண்ணன்தான் இந்த ரயில வுடுவாராம். இது கூவுனாத்தான் வாயத் தொறப்பாராம். இப்பவும் அதேதான். அந்தாண்ட இது கூவுனா இவரு வாயத் தொறக்கறாரு, நான் கஞ்சிய ஊத்திடுவேன். நேத்து அது கெட்டுப் போனதுலேர்ந்து சத்தமும் கேக்கல, பொட்டுத் தண்ணியும் எறங்கல."

பொன்னுரங்கம் ரயிலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "அவரே உங்க வூட்டுக்குள்ள வந்து ரயில வுடலாமேம்மா?"

"கேஸ் நடக்குதாமே, எப்பிடி வருவாரு? காலைல இத சுவத்து மேல வச்சிட்டு, காத்துக்கிட்ட பேசறாப்பல, 'பொம்பள போயி கேட்டா கடக்காரன் மனசு எறங்கிப் பாப்பான்'னாரு. கண்ணத் தொடச்சிக்கினாரு."

பொன்னுரங்கம் சால்டரிங் அயர்னைச் சூடேற்றி, அந்த ரெசிஸ்டரைப் பிடுங்கி எறிந்தான்.

"கொஞ்சம் சீக்கிரம் குடுப்பா" என்றாள் பச்சையம்மாள். "எங்க மூத்தாரும் நேத்துலேர்ந்து சாப்புடல, சுவத்தாண்டயே நின்னுக்கினு இருக்காரு."