மூஞ்சி தெரியாத ஹீரோ

"இத்தன படம் வரைஞ்சிருக்க. ஒண்ணுலகூட எம் மூஞ்சி இல்லியே, சசி?"

பேச்சிராஜ் கேட்டது நியாயம்தான். மண்ணூர் டீக்கடை மேசையில், டீ கிளாஸ்களை வெயிட்டுக்கு வைத்து சசிரேகா பரப்பியிருந்தது அவர்களுடைய மாலைக் கல்லூரிப் படத்தின் ஸ்டோரிபோர்டு. கௌபாய் படம். ஹீரோ பேச்சிராஜ். குதிரையில் வந்து இறங்கி நடப்பதுதான் முதல் காட்சி.

முதல் காகிதத்தில் தூரத்துப் புழுதி. அடுத்ததில் முதுகு. அப்புறம் தொப்பி, தரையில் நிழல், நடந்துவரும் ஷூ. ஆளைக் காணோம்.

"அதான்டா ஸ்டைலு," என்றாள் டைரக்டர் சசிரேகா. தலை நிமிராமல் வேறொரு காகிதத்தில் வரைந்துகொண்டிருந்தாள்.

"இன்னா ஸ்டைலு?" என்றான் கேமராமேன் பகலவன். "போன வாரம் ஃபர்ஸ்ட் ஷாட்டே இவன் க்ளோசப்தானே வச்சிருந்த?"

"மாத்திட்டேன்."

"டைரக்டர் ஆனதும் தலைக்கனம் ஏறிடுச்சு," என்றான் பகலவன். "குதிரையக் கண்டா மட்டும் ஓடுவா."

அதுவும் நிஜம். வல்லக்கோட்டையில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை விடும் எல்லப்பனைப் பார்க்கப் போயிருந்தார்கள். குதிரை ஒரு தும்மல் போட்டதற்கே சசிரேகா எதிர்வீட்டு மாடிப்படியில் ஏறிவிட்டாள். அவளைக் கீழே இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணம் இருப்பதால், எல்லப்பன் செவ்வாய்க்கிழமைதான் குதிரை தருவதாகச் சொல்லியிருந்தார்.

பேச்சிராஜ் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"படம் ஆரம்பிச்சதும் எம் மூஞ்சிதான் வரும்னு ஊர்ல அம்மாட்ட சொல்லிட்டேன். அவ தெருவுக்கே சொல்லியிருப்பா. செவ்வாக்கிழம கம்பெனிக்கு லீவும் போடுதேன். எம் மூஞ்சி புடிக்கலன்னா நேரா சொல்லிரு. வேற ஆளப் பாத்துக்க."

சசிரேகா பென்சிலைக் கீழே வைத்தாள்.

"லீவு போட்டா இன்னா ஆவும்?"

பேச்சிராஜ் டீ கிளாஸைப் பார்த்தான்.

"நீயா சொல்லுவியானு பாத்தேன். எங்கக்கா கம்பெனில உன் லைன்லதான்டா வேலைக்கு நிக்கிது. டிரெய்னிங் முடியறதுக்குள்ள ஒரு நாள் லீவு போட்டாலும் ஐடி கார்டைப் புடுங்கிக்கினு அனுப்பிடுவாங்களாமே. அதையும் அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"டேய், எங்ககிட்டகூட சொல்லலியேடா," என்றான் பகலவன்.

"சொன்னா வேற ஹீரோவப் போட்ருவியளோன்னு பயமா இருந்துச்சு," என்றான் பேச்சிராஜ், மெல்ல.

சசிரேகா அதுவரை வரைந்துகொண்டிருந்த காகிதத்தைத் திருப்பி வைத்தாள். பக்கம் முழுக்கப் பேச்சிராஜின் முகம். மூக்கு கொஞ்சம் பெரிதாகவே வந்திருந்தது.

"நடந்து வந்து நின்னதும் தொப்பியத் தூக்கற. இந்த மூஞ்சி மேலதான் டைட்டில் வருது. இத ஞாயித்துக்கிழமை உங்க ரூம் மொட்டை மாடியில எடுக்கறோம். பின்னாடி வானம் மட்டும். குதிரை வேணாம். செவ்வாக்கிழமை நீ ஒழுங்கா ஷிப்டுக்குப் போ."

பேச்சிராஜ் முகத்தைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எல்லாம் சரி," என்றான் பகலவன். "செவ்வாக்கிழமை குதிரைல யாரு வர்றது? நான் கேமரால கீறேன்."

சசிரேகா பைக்குள்ளிருந்து அக்காவின் பழைய சேஃப்டி ஷூவை எடுத்தாள். பிரவுன் பாலிஷ் பளபளத்தது. காலில் மாட்டி லேஸைக் கட்டினாள். கூந்தலைச் சுருட்டி ஏற்றி, பேச்சிராஜின் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"எல்லப்பண்ணனுக்கு ஒரு ஃபோன் போடு," என்றாள். "குதிரைக்குத் தும்மல் நின்னுடுச்சானு கேளு."