ஏழாம் எண் பசு

"ஒரே ஒரு கையெழுத்துதான் டாக்டர். போட்டுக் குடுத்தீங்கன்னா ஊர்வலத்தைக் கிளப்பிடுவேன்."

கண்காட்சிச் செயலாளர் இதைச் சொல்வது மூன்றாவது முறை. கறவை மாட்டுப் போட்டிக்கு நடுவராக வந்திருந்த கால்நடை மருத்துவரோ பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். மைதானத்தின் வாசலில் பேண்டு வாத்தியக்காரர்கள் ஊதி ஊதிப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் டிராக்டர்கள், குதிரை வண்டிகள், ரிப்பன் கட்டிய காளைகள் எல்லாம் வெயிலில் வரிசை கட்டி நின்றன. முதல் பரிசு வாங்கிய பசு முன்னால் நடந்தால்தான் அணிவகுப்பு நகரும்.

வழக்கமாக வரும் நடுவர் இடுப்பு பிடித்துக்கொண்டு படுத்துவிட்டதால், வெளியூரிலிருந்து அவசரமாக வரவழைத்த மனிதர் இவர். வேலையில் குறை சொல்ல முடியாது. போட்டியாளர் பெயரை நடுவருக்குச் சொல்வதில்லை, எண் மட்டும்தான். இவரும் மாட்டைப் பார்ப்பாரே தவிர, கயிற்றைப் பிடித்திருப்பவரை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். முதுகு, குளம்பு, மடி என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து மதிப்பெண் போட்டார். ஏழாம் எண் பசுவுக்குப் பக்கத்தில்கூட வேறெதுவும் வரவில்லை. கடைசியாக நடையைப் பார்க்க வேண்டும் என்றார்.

"நடடி தங்கம்" என்று அதை வளர்த்த பெண் தட்டிக் கொடுத்த நேரத்தில்தான் என்னவோ ஆயிற்று. மருத்துவரின் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். பாவம், வெயில் தாங்கவில்லை போலிருக்கிறது என்று செயலாளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது செயலாளருக்கு வேறு சந்தேகம். மூன்றாம் எண் பசு மில் முதலாளியுடையது. ஐந்து வருடமாக முதல் பரிசை யாருக்கும் விட்டுக்கொடுக்காதது. சாயங்காலம் தன் காரிலேயே வீட்டில் கொண்டுபோய் விடுவதாக மில் முதலாளி நடுவரிடம் குழைந்ததைச் செயலாளர் தன் காதாலேயே கேட்டிருந்தார்.

"அந்த ஏழாம் நம்பர் பொண்ணு வருஷா வருஷம் வருதா?" என்று கேட்டார் மருத்துவர்.

பேச ஒரு சாக்குக் கிடைத்தால் செயலாளர் விடுவாரா? நாலு வருடமாக வருகிறாள் என்று ஆரம்பித்தார். முதல் வருடம் ஒன்றுமில்லை, அப்புறம் மூன்றாவது, போன வருடம் இரண்டாவது. தாய்ப்பசு ஈன்றதும் செத்துப்போக, இந்தக் கன்றைப் புட்டிப்பால் கொடுத்துப் பிழைக்கவைத்தவள். வேனில் ஏற்றினால் மிரளும் என்று, புருஷனும் பெண்டாட்டியுமாக நேற்றே கிளம்பி நடத்தியே கூட்டிவந்திருக்கிறார்கள்.

"ஒரு தடவை முன்னால நடந்துட்டாப் போதும்ணே, அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்னு போன வருஷம் அழுதுச்சு டாக்டர். உங்க மார்க்குப்படி இந்தத் தடவை அதுக்குத்தான். கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

"போடலைன்னா?"

"பரிசு அடுத்த மாட்டுக்குப் போயிடும். ஏன் போடாம? சும்மா அச்சடிச்ச உறுதிமொழி டாக்டர். இதுவரைக்கும் எந்த நடுவரும் அதைப் படிச்சதுகூட இல்ல."

மருத்துவர் படித்தார். ஓர் எழுத்து விடாமல் படித்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஏழாம் எண் பசுவிடம் போனார். செயலாளரும் பின்னாலேயே ஓடினார்.

நடுவரைக் கண்டால் மற்றவர்கள் வாயெல்லாம் பல்லாக நிற்பார்கள். இந்தப் பெண் பசுவின் கழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் புருஷன் வாளியும் பிரஷ்ஷுமாக வேலி ஓரம் ஒதுங்கி நின்றான். கொஞ்சம் சிரித்தால்தான் என்ன, முத்தா உதிர்ந்துவிடும் என்று செயலாளர் மனசுக்குள் கடிந்துகொண்டார்.

"கன்னுக்குப் புட்டிப்பால் குடுக்க யாரு சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டார் மருத்துவர்.

"சின்ன வயசுல பாத்திருக்கேன்."

"புரை ஏறிடும். கஷ்டமாச்சே."

"தலையைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. தெரியும்," என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எனக்குன்னு எதுவும் வேணாம் சார். மாட்டுக்கு என்ன சேரணுமோ அதைக் குடுங்க," என்றாள்.

மருத்துவர் பசுவின் முதுகை ஒரு முறை நீவிவிட்டுத் திரும்பினார். மேசைக்கு வந்து நின்றபடியே எழுதினார். தாளை நீட்டிவிட்டு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

செயலாளரின் கண் முதலில் போனது பரிசு வரிசைக்கு. முதலிடம், மூன்றாம் எண். ஏழாம் எண்ணின் மேல் குறுக்குக் கோடு. ஒரு கார் சவாரிக்கு விலைபோய்விட்டாரே மனிதர். ஒரு மாட்டை நீக்கினால் நடுவர் எழுதிய காரணத்தையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும். எழுதியிருப்பதை வரி பிசகாமல் படித்து ஆளின் மானத்தை வாங்கிவிடுவது என்று மைக்கைப் பிடுங்கினார்.

"ஏழாம் எண் பசு அதிக மதிப்பெண் பெற்றும் போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது," என்று மைதானம் முழுக்கக் கேட்கும்படி படித்தார். "காரணம், நடுவருக்கு நெருங்கிய உறவினர் யாரும் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது. ஏழாம் எண் பசுவைக் கொண்டுவந்திருப்பவர்..." அவர் குரல் இறங்கியது. "என் மகள்."

மைக்கை வைத்துவிட்டுச் செயலாளர் அவளிடம் ஓடினார். பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள். சட்டம் அப்படி இருக்கிறது, நாம் என்ன செய்ய முடியும், அடுத்த வருடம் வேறு நடுவரைப் போட்டுவிடலாம் என்று என்னென்னவோ சொல்லித் தேற்றினார்.

"எனக்கு மகளே இல்லைன்னு பதினோரு வருஷமாச் சொல்லிட்டிருந்த மனுஷன்ணே," என்றாள் அவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "அந்தக் காரணத்தை மட்டும் மைக்குல இன்னொரு தடவை படிங்கண்ணே."