கருந்துளை சார்

"ஆய்வேட்டைக் கொடுத்து நாலு மாசம் ஆச்சு மேடம். இன்னும் கையெழுத்து வரல!"

துறைத் தலைவியின் அறையில் நின்றபடியே பொரிந்து தள்ளினாள் அந்த ஆராய்ச்சி மாணவி.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கருந்துளை'. அவர் ஆராய்ச்சி செய்வது அதைத்தான். அவர் மேஜைக்குப் போனது எதுவும் லேசில் திரும்பி வராது என்பது இன்னொரு காரணம்.

"இந்த மாசத்துக்குள்ள சமர்ப்பிக்கலேன்னா, கிடைச்ச வேலை கைவிட்டுப் போயிடும். அது அவருக்கும் தெரியும்."

"கேட்டுப் பார்த்தியா?"

"கேட்டா, 'இருக்கட்டும்மா, பார்க்கறேன்'னு ஒரே பதில். காலத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தே ஆகணும்னு கணக்குப் போட்டுக் காட்டித்தானே அவர் பேர் வாங்கினார்? அந்தக் கணக்குல ஓட்டை இருக்குன்னு என் கடைசி அத்தியாயம் சொல்லுது. அதான் அமுக்கி வச்சிருக்கார்."

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இன்னிக்குக் கருத்தரங்குல அவர்தான் பேசறார். உன் ஆய்வைப் பத்தித்தானாம். வா, அங்கேயே கேட்டுடலாம்."

அவள் தயங்கியபடியே பின்னால் நடந்தாள். போச்சு, எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கப் போகிறார்!

அரங்கு நிரம்பியிருந்தது. கருந்துளை சார் பலகையில் தன்னுடைய புகழ்பெற்ற சமன்பாட்டை எழுதினார்.

"பிரபஞ்சத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தா, எல்லாம் சுருங்கி ஒரே புள்ளிக்கு வரும். காலம் அங்கேதான் பிறந்ததுன்னு நிரூபிச்சேன். எவ்வளவு நெருக்கினாலும் ஈர்ப்பு உள்ளே இழுத்துக்கிட்டேதான் இருக்கும்னு நம்பி, அந்த இடத்தைச் சரிபார்க்காமலே தாண்டிட்டேன்."

டஸ்டரை எடுத்து மொத்தத்தையும் அழித்தார்.

"என் கணக்கு தப்பு. ஒரு அளவுக்கு மேல நெருக்கினா ஈர்ப்பே வெளியே தள்ள ஆரம்பிச்சுடும், அந்த ஒரே புள்ளி வராமலே போகலாம். ஆய்விதழுக்கும் எழுதிட்டேன், இன்னிக்கு வெளியாயிடுச்சு. தப்பைக் கண்டுபிடிச்சது என் மாணவி."

அரங்கில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

வெளியே வந்ததும், கையெழுத்துப் போட்ட ஆய்வேட்டை அவளிடம் நீட்டினார். அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்? நான் உங்களை எப்படியெல்லாம் திட்டியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும். சுவருக்கும் காது இருக்குல்ல? சொல்லியிருந்தா, என் திருத்தம் வெளியாகற வரைக்கும் காத்திருந்தா வேலை போயிடுமேன்னு பயந்து நீ அந்த அத்தியாயத்தையே தூக்கியிருப்பே."

"அப்ப கையெழுத்தையாவது முன்னாடியே போட்டிருக்கலாமே?"

"போடலாம்னுதான் பேனாவை எடுத்தேன். ஆனா உன் ஆய்வேட்டைத் திருத்தப் போற தேர்வாளருங்க அத்தனை பேரும் என்கிட்ட படிச்சவங்க. 'நேத்து வந்த பொண்ணு எங்க சாரையே தப்புங்கறாளா'ன்னு உன்னைக் கிழிச்சுத் தொங்க விட்டிருப்பாங்க. இப்ப கிழிக்கணும்னா, முதல்ல என்னைத்தான் கிழிக்கணும்."