வெற்று மாதிரியில் இருநூற்றுப் பதினான்கு

ஆய்வகத்தின் அணுத்துகள் முடுக்கி ஒரு தெரு நீளம். கடற்கரை மணலில் ஒற்றைக் கடுகை ஒளித்து வைத்தாலும் மோப்பம் பிடித்துவிட்டு, அதன் தம்பி எங்கே என்று கேட்கும். கால்சியம்-41 என்னும் அரிய அணுக்களை எண்ணுவதுதான் அதன் வேலை. எலும்புத் தேய்மான ஆய்வுக்காக அந்தக் கால்சியத்தைக் குடித்தவர்கள் பன்னிரண்டே பேர். ஒருமுறை குடித்தால் ஆயுசுக்கும் எலும்பில் தங்கி, சிறுநீரில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். முடுக்கியை ஓட்டும் பெண்ணின் அக்காவும் அவர்களில் ஒருத்தி. போன மாதம் இறந்துபோனாள்.

தங்கை அந்தக் கால்சியத்தைத் தொட்டு நாக்கில்கூட வைத்ததில்லை. அதனால் ஒப்பிட்டுப் பார்க்கும் வெற்று மாதிரியாகத் தன் சிறுநீரையே வைப்பாள். எண்ணிக்கை எப்போதும் பூஜ்யம். செவ்வாய்க்கிழமை இருநூற்றுப் பதினான்கு வந்தது.

"குப்பியை மாத்திப் போட்டுட்டியாம்மா?" என்றார் மேற்பார்வையாளர். "துக்கத்துல நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டே அதைத் தேடினவன்."

"மூணு தடவை புதுசா எடுத்து ஓட்டிட்டேன்ணா. அக்காவோட கடைசிக் கணக்கு அட்சரம் பிசகாம வருது."

மறுநாளே எலும்பு மருத்துவரிடம் போய் உடம்பு முழுக்கப் படம் எடுத்துக்கொண்டாள்.

"பயப்பட ஒண்ணுமில்ல," என்றார் மருத்துவர். "இடது மணிக்கட்டுல ஒரு பழைய முறிவு. சின்ன வயசுல விழுந்திருப்பீங்க. அழகா கூடியிருக்கு."

ஊஞ்சலிலிருந்து விழுந்தது அக்கா.