திருத்திய குரல்

பம்புகளை இயக்கும் கணினி நிரல்களில் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்ற ஆண்டான்-அடிமைச் சொற்கள் இனி வேண்டாம் என்று அலுவலகக் கூட்டத்தில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டவள் இளவேனிதான்.

"மெஷினுக்கு ரோஷம் வருமாம்மா?" என்று சிரித்தார் மேலாளர் சேஷாத்ரி.

"எனக்கு வருது சார். சிரிக்காதீங்க."

அவள் ஜெயித்தாள். அதற்காக நிரல்களைத் திருத்த வந்த கணினிக் கருவி அடுத்துப் பாடப்புத்தகங்களுக்குப் போனது. பிறகு எல்லாருடைய பழைய ஒலிப்பதிவுகளுக்குள்ளும் நுழைந்தது. இழிசொல் எங்கே இருந்தாலும் துடைத்துவிட்டு, பேசியவரின் குரலிலேயே நல்ல சொல்லை வைத்தது.

இன்று நீதிமன்றத்தில் அவள் அப்பா மாயவனின் வழக்கு. சாக்கடைக் குழிக்குள் மூச்சு முட்டிச் செத்துப்போனவர். காண்ட்ராக்டர் அவரைச் சாதி சொல்லித் திட்டி உள்ளே இறக்கியது அப்பாவின் செல்போனில் பதிவாகியிருந்தது. வேறு சாட்சி கிடையாது. பதிவை ஓடவிட்டார்கள்.

"மாயவன் ஐயா, தயவுசெஞ்சு உள்ள இறங்குங்க" என்றது காண்ட்ராக்டரின் கரகரத்த குரல்.

இளவேனி எழுந்து நீதிபதியைப் பார்த்துக் கத்தினாள். "பொய்யிங்கம்மா! அவன் இப்படிச் சொல்லவே இல்ல. மாத்துறதுக்கு முன்னாடி நான் இதைக் கேட்டிருக்கேன். தூக்கத்துல கூட எனக்கு அந்த வார்த்தை கேக்குது!"

நீதிபதி கையமர்த்தினார். அடுத்து அப்பாவின் அழுகுரல் வந்தது. அதில் திருத்துவதற்குக் கருவிக்கு ஒன்றுமே கிடைத்திருக்கவில்லை.

"கும்புடுறேன் சாமி, புள்ளைங்க சின்னதுங்க சாமி... திட்டாதீங்க, இறங்கிடுறேன்."

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"இவ்வளவு மரியாதையாக் கூப்பிடுறவர்கிட்ட உங்க அப்பா ஏம்மா அழறார்?"