நாரைகளுக்கு முன்னால் பேசக்கூடாது

முட்டையிலிருந்து வெளியே வந்த நாள்முதல் அந்த நாரைக் குஞ்சுகள் மனித முகத்தைப் பார்த்ததில்லை, மனிதக் குரலைக் கேட்டதுமில்லை. தலைமுதல் கால்வரை வெள்ளை அங்கியைப் போர்த்திக்கொண்டுதான் பூரணி அவற்றுக்கு இரை ஊட்டினாள். மனிதரிடம் பழகிவிட்ட பறவை காட்டில் பிழைக்காது என்பது பறவைக் காப்பக இயக்குநர் சடகோபன் போட்ட சட்டம். குஞ்சுகளின் அருகே ஒருமுறை தும்மியதற்கே அவர் அவளை உண்டு இல்லையென்று ஆக்கிவிட்டார்.

இன்று அவள் ஓட்டும் சிறு விமானத்தைத் தாயென்று நம்பி, அவை முதல் தடவையாகத் தெற்கே பறந்து வருகின்றன. கீழே ஒரு மைதானத்தில் பந்தல், கூட்டம், செண்டை மேளம். காதுக்கருவியில் சடகோபன் பேசினார்.

"பூரணி, மேடைக்கு முன்னால இறக்கும்மா. அமைச்சர் வந்து உக்காந்திருக்காரு. குஞ்சுங்களோட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கட்டும். அப்புறம் கூட்டிட்டுப் போ."

அமைச்சருக்காகச் சட்டத்துக்கு விடுமுறை விட்டாயிற்று போலிருக்கிறது. விமான இறக்கையின் நுனியை ஒட்டிப் பறந்த குஞ்சு ஒன்று அவளுடைய அங்கியையே பார்த்துக்கொண்டு வந்தது.

"கேக்குதா இல்லியா? வாயத் தொறந்து பதில் சொல்லு!"

பூரணிக்குச் சிரிப்பு வந்தது. அதையும் முகத்திரைக்குள்ளேயே அடக்கிக்கொண்டாள். பேசும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி, விமானத்தின் ஒலிபெருக்கியில் பதிவுசெய்து வைத்திருந்த தாய்நாரையின் கூவலை ஓடவிட்டாள். பின்னால் வந்த குஞ்சுகள் அத்தனையும் பதிலுக்குக் கூவின.

பொத்தான் அழுந்தியிருக்கும்வரை எதிர்முனையின் குரல் இங்கே வராது. விரலை எடுக்காமலே அவள் விமானத்தை மேலே தூக்கினாள்.