அம்மா போட்டுப் பார்த்த கவுன்

ஜிப் பாதி முதுகில் நின்றுவிட்டது.

ரெமெடியோஸ் வயிற்றை எக்கிக்கொண்டாள். கடைக்காரப் பெண் பின்னாலிருந்து முழங்காலை முட்டுக்கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்ததில் ஜிப் கழுத்துவரை ஏறிவிட்டது. திவிசோரியா சந்தையின் மூன்றாம் மாடியில், மின்விசிறிக்கு நேர்கீழே, மீன் விற்கிற ஒரு விதவை வெள்ளைவெளேரென்ற கல்யாணக் கவுனில் நின்றாள்.

“கல்யாணம் எப்போ ஆன்ட்டி?” என்று எதிர்க்கடையில் ரிப்பன் வாங்கிக்கொண்டிருந்த ஒருத்தி கேட்டாள்.

“உன் புருஷன் சரின்னதும்.”

கல்யாணம் அவளுக்கில்லை, மகள் ரோவேனாவுக்கு. மணப்பெண் தன் கவுனை முன்கூட்டியே போட்டுப் பார்த்தால் அந்தக் கல்யாணம் நின்றுவிடும். மணிலாவில் இது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நம்பாதவள் ரோவேனா ஒருத்திதான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், இன்னொரு கடையில், அம்மா தடுக்கத் தடுக்க, “அளவு பாக்காம நான் செருப்புகூட வாங்க மாட்டேன்” என்று கவுனை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு சுற்றும் சுற்றினாள்.

அவ்வளவுதான். துபாய் எஞ்சினியர் ஆல்வின், ரெமெடியோஸ் சல்லடை போட்டுத் தேடிப் பிடித்த மாப்பிள்ளை, அங்கேயே ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டான்.

அந்தக் கவுனை விற்கவும் முடியவில்லை. கீழ் விளிம்பு முழுக்கச் சிவப்புக் கறை. எவ்வளவு துவைத்தும் போகவில்லை. கடைக்காரன் பழைய கவுனைத் தலையில் கட்டிவிட்டான் என்று ரெமெடியோஸ் இன்றுவரை அவன் வம்சத்தையே திட்டுகிறாள்.

அதனால்தான் இந்த முறை அவளே முந்திக்கொண்டாள். அம்மாவுக்கும் மகளுக்கும் ஒரே உடம்புவாகு. இடுப்பில்தான் கொஞ்சம் வித்தியாசம், அதை மூச்சடக்கிச் சமாளித்துக்கொள்ளலாம். தவிர, விதவைக்கு நின்றுபோவதற்கு எந்தக் கல்யாணம் இருக்கிறது?

மகளோடு சண்டை போட வேண்டியிருக்கும் என்று ஜீப்னியில் வரும்போதே பேச வேண்டியதையெல்லாம் தயார் செய்துவைத்திருந்தாள். ஆனால் ரோவேனா சண்டைக்கே வரவில்லை. குறுக்கே போகிற கறுப்புப் பூனையைக் கூப்பிட்டு மீன் தலை போடுகிறவள், இன்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். துணியைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“தோள்கிட்ட சுருங்குதா பாரு.”

“இல்லம்மா, நல்லாருக்கு.” அதுவும் எட்ட நின்றே.

ரெமெடியோஸ் மகளின் முகத்தைப் பார்த்தாள். இவளுக்கு இந்தக் கல்யாணத்தில் மனசில்லையோ? மாப்பிள்ளை இசகானி பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன். எப்போது பார்த்தாலும் புருவத்தில் மாவு. ஆல்வினின் கால்தூசிக்கு வருவானா என்று நாலு பேரிடம் குறைப்பட்டுக்கொண்டவள் ரெமெடியோஸேதான். அதற்காக இதுவும் நின்றுபோனால்? முப்பத்துநாலு வயது மகளை இன்னொரு தடவை ஊர் பரிதாபமாகப் பார்ப்பதை அவளால் தாங்க முடியாது.

கடைக்காரப் பெண் முக்காட்டு நெட் எடுத்து வர உள்ளே போனாள். அவள் போனதும்தான் ரெமெடியோஸுக்கு அடக்கிய மூச்சு தீர்ந்தது.

“ஜிப்பை இறக்கிவிடுடி. மூச்சு முட்டுது.”

“அந்தப் பொண்ணு வந்துரட்டும்மா.”

“அவ வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவேன். இறக்குடி.”

ரோவேனா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். “நான் தொட மாட்டேன்.”

“போட்டுப் பாத்தாதான்டி கெட்டது. தொட்டா ஒண்ணும் ஆகாது.”

“எதுக்கும்மா வம்பு?”

ரெமெடியோஸ் மூச்சு முட்டுவதையும் மறந்து மகளைத் திரும்பிப் பார்த்தாள். “இதெல்லாம் எப்பருந்து நீ நம்ப ஆரம்பிச்ச? போன தடவை என் பேச்சைக் கேக்காம போட்டுக்கிட்டு ஆடுனவதானே நீ?”

ரோவேனாவின் காது மடல் சிவந்தது.

“அன்னிக்கு மட்டுமில்லம்மா. நீ மீன் விக்கப் போனதும் தினம் எடுத்துப் போட்டுக்குவேன். போட்டுக்கிட்டு வீடு முழுக்க நடப்பேன். அப்பவும் அந்த ஆல்வின் ஒழுங்கா போன் பண்ணிக்கிட்டேதான் இருந்தான்.”

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ரெமெடியோஸுக்கு வியர்த்தது.

சனிக்கிழமை தவறாமல் வீட்டுத் தரைக்குச் சிவப்பு மெழுகு போட்டு, தேங்காய் மட்டையைக் காலால் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி வைத்திருப்பது அவள்தான். மூன்று வருடமாகத் திட்டு வாங்கிய அந்தக் கடைக்காரனை நினைத்தாள். ஆல்வினைப் பிடிக்கவில்லை என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று மகளைக் கேட்க வந்தவள் கேட்கவில்லை. சொல்லியிருந்தால் தான் காதில் வாங்கியிருக்க மாட்டோம் என்று அவளுக்கே தெரியும். வெட்கமாக இருந்தது. ரோவேனாவின் பின்னால் கட்டிய கைகளைப் பார்க்கப் பார்க்க, வெட்கத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகமாக இருந்தது.

கடைக்காரப் பெண் நெட்டோடு வந்து நேராக ரோவேனாவின் தலைக்குக் கொண்டுபோனாள். “நெட்டை மட்டும் நீங்க வச்சுப் பாக்கலாம்க்கா. அதுக்கு ஒண்ணும் ஆகாது, எல்லாரும் வைக்கிறாங்க.”

ரெமெடியோஸ் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தாள். அக்குளில் ஒரு தையல் படபடவென்று விட்டது.

“அவ பக்கத்துல கொண்டுபோகாதே,” என்று நெட்டைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். “எல்லாத்தையும் நானே பாக்குறேன்.”